நடு நாற்காலி

“பெரிய மாப்பிள்ளைய நடு நாற்காலியில உக்கார வச்சா, சின்ன மாப்பிள்ளைக்குச் சத்தம் கொறஞ்சிரும்ங்க” என்று பேருந்தில் முன் இருக்கை அம்மாள் சொன்னபோதுதான் நான் நிமிர்ந்தேன். பண்ணைக்காட்டில் ஏறிய தம்பதி. கணவர் மடியில் ஹோம் தியேட்டர் விளம்பரத் தாள் விரிந்திருந்தது.

“கடைக்காரர்தான் சொன்னாரே, அஞ்சு ஸ்பீக்கரும் சேந்து சரியாக் கேக்குறது நடு நாற்காலிக்கு மட்டுந்தான்னு.”

“தீவாளிக்கு ஈரல் பெரியவரு எலைக்குப் போனதுக்கே சின்னவரு ஆறு மாசம் நம்ம வாசப்படி மிதிக்கல.”

“அப்ப நடுவுல நானே உக்காந்துக்கிறேன்.”

“மாப்பிள்ளைக ஓரத்துல, மாமனாரு நடுவுலயா? நல்லா இருக்குங்க!”

பெருமாள்மலை வரும்வரை கணவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாளே ஆரம்பித்தார்.

“நடு நாற்காலியில பழனி முருகன வச்சிருவோம். அவரு எடத்த எந்த மாப்பிள்ளையும் கேக்க மாட்டாரு.”

“சாமி இருக்குற ரூம்புல சண்டப் படம் போட முடியுமா? கோழி திங்க முடியுமா?”

“முடியாதுதான்.”

“பெறகு எதுக்கு அஞ்சு ஸ்பீக்கரு?”

“கார்த்திகைக்குப் பக்திப் பாட்டுப் போட்டா அவருக்கு நல்லாக் கேக்கும்ல.”

“நாம எங்க படம் பாக்குறது?”

“எப்பவும் போல, பக்கத்து வீட்டுல.”