துணைக்கு வந்தவரு

ராஜவேல்: பேருல மட்டும் அறிவு இருந்தா போதாது மச்சான். ஞாயித்துக்கெழம சாயங்காலம் எவன்டா மோட்டார் கடைய தொறந்து வச்சிருப்பான்?

அறிவு: தெரிஞ்ச கடை மாமா. மோட்டாரு கருகிப் போச்சின்னு காயில் கட்டக் குடுத்திருக்கேன். மோட்டார தூக்க ஆள் வேணும்னுதான உங்கள துணைக்குக் கூப்புட்டேன். உங்க பல் டாக்டரு மட்டும் ஞாயித்துக்கெழம இருப்பாரா?

ராஜவேல்: அவரு... எமர்ஜென்சி டாக்டரு. தனியா போவ பயந்துகிட்டு நானும்தான் உன்ன துணைக்குக் கூப்புட்டேன்.

அறிவு: எந்தப் பல்லு?

ராஜவேல்: கடவாப் பல்லு.

அறிவு: காட்டுமன்னார்கோயில்ல பஸ் ஏறும்போது இடது கன்னத்த புடிச்சிட்டிருந்தீங்க. இப்ப வலது கன்னத்த புடிக்கிறீங்க.

ராஜவேல்: வலி எடம் மாறும்டா.

அறிவு: மாறும் மாறும்... ஆமா, அக்காவ கூட்டிட்டுப் போவத்தான எங்க வீட்டுக்கு வந்தீங்க? என்னா சொன்னா?

ராஜவேல்: நம்ம வீட்டுக்கு இல்ல, சேத்தியாத்தோப்பு பக்கமே வரமாட்டேன்னுட்டா. பாப்பாதான் வாசலுக்கு ஓடியாந்து, "அப்பா, ஊது"ன்னா.

அறிவு: ஊதினீங்களா?

ராஜவேல்: ஊதினேன். மோந்து பாத்துட்டு, "இன்னிக்கி பாஸு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. ஹெல்மெட்டு போலீசு தோத்தான் அவகிட்ட.

அறிவு: எங்கிட்டயும் தெனம் ஊதச் சொல்றா மாமா.

ராஜவேல்: நீ?

அறிவு: ...ஃபெயிலு.

ராஜவேல்: மாமன் மட்டும் ஜாஸ்தி குடிக்கிறான்னு ஊரே சொல்லுது. உன்ன ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான்.

அறிவு: நீங்க சொல்லாதீங்க. கோயில்ல கயிறு கட்டுனீங்களே, மூணு மாசம் தொட மாட்டேன்னு...

ராஜவேல்: தொட்டனா? ஒரு சொட்டு தொட்டனா?

அறிவு: தொடல. கெடு முடிஞ்ச அன்னிக்கி, கடைக்காரன் சாவி கொண்டு வர்றதுக்கு முன்னாடியே போயி நின்னீங்க.

ராஜவேல்: பக்கத்துல நின்னது யாரு?

அறிவு: நான் துணைக்கு வந்தேன்.

ராஜவேல்: துணைக்கு! துணைக்கு வந்து வந்தே என்னயும் தாண்டிப் போயிட்டியேடா.

அறிவு: ...எழுந்திரிங்க. மேல வீதி வந்துடுச்சி. நான் இங்க எறங்கணும்.

ராஜவேல்: நானும் இங்கதான்.

அறிவு: டாக்டரு பஸ் ஸ்டாண்டு கிட்டன்னு சொன்னீங்க?

ராஜவேல்: எடம் மாறிட்டாரு.

அறிவு: வலி மாதிரியே... பாத்து எறங்குங்க. ஏன் அந்தப் பக்கம் சுத்துறீங்க? இந்தச் சந்துல போவலயா?

ராஜவேல்: அந்தச் சந்து வாணாம்.

அறிவு: ஏன்?

ராஜவேல்: கடை இருக்குடா. உனக்கு ஆவாது.

அறிவு: எனக்கா? உங்களுக்கு ஆவாதுன்னு நானே வேற வழி யோசிச்சிட்டிருந்தேன்... சரி, நில்லுங்க. அதோ, பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டு. இதான் எடம்.

ராஜவேல்: இதுலயா மோட்டாரு?

அறிவு: கோச்சுக்காதீங்க மாமா. மோட்டாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. குடிய வுட்டவங்க, வுடணும்னு தவிக்கிறவங்க வாராவாரம் மாடில கூடிப் பேசறாங்களாம். திட்ட மாட்டாங்களாம். அக்காதான் நாலு எடத்துல விசாரிச்சி கண்டுபுடிச்சா. "மாமாவ எப்படியாவது கொண்டு போயி சேத்துருடா"ன்னு அழுதா... ஏன் சிரிக்கிறீங்க?

ராஜவேல்: எனக்கு எந்தப் பல்லும் வலிக்கலடா.

அறிவு: தெரியும்.

ராஜவேல்: "எந்தம்பிய கொண்டு போயி சேத்துருங்க, நீங்க சொன்னாத்தான் கேப்பான்"னு எங்கிட்டயும் அதே அழுகைதான் அழுதா. இதே மாடிதான் சொன்னா.

அறிவு: அடிப்பாவி அக்கா!

உபைதுல்லா: என்னங்க, படியிலயே நின்னு சிரிப்பு? மேல வாங்க, டீ ஆறுது. எம்பேரு உபைதுல்லா. காட்டுமன்னார்கோயில்லேந்துதான?

அறிவு: எப்படிண்ணே தெரியும்?

உபைதுல்லா: ஒரு அம்மா போன் பண்ணாங்க. மாமனும் மச்சானும் வருவாங்க, யாருக்குன்னு கேட்டா ஒருத்தர ஒருத்தரு கைகாட்டுவாங்கன்னாங்க.

ராஜவேல்: பாய்... இங்க கயிறு ஏதும் கட்டுவீங்களா?

உபைதுல்லா: கயிறெல்லாம் இல்லீங்க. இன்னிக்கி ஒரு நாள் தொடாம இருப்போம். நாளைக்கி வந்தா நாளைக்கும் அதான். நானே அப்படித்தான் ஓட்டிட்டிருக்கேன்.

ராஜவேல்: அப்ப கெடுவே கெடையாதா?

உபைதுல்லா: கெடு வச்சா, முடிஞ்ச அன்னிக்கி கடை வாசல்ல போயி நிப்போமே.

அறிவு: மாமா, உங்களத்தான் சொல்றாரு.

ராஜவேல்: பக்கத்துல நின்னவனயும் சேத்துத்தான்.

அறிவு: ...மாமா.

ராஜவேல்: என்னா?

அறிவு: உங்க கூட இருக்க முடியாமத்தான அக்கா எங்க வீட்டுக்கு வந்தா?

ராஜவேல்: ம்.

அறிவு: அங்கயும் நான் வீட்டுக்குள்ள வந்தா, பாப்பாவ தூக்கிக்கிட்டு ரூமுக்குள்ள போயி தாப்பா போட்டுக்கறா. அவ எங்கதான் போவா மாமா?

ராஜவேல்: அழாதடா... நீ அழுதா எனக்கும் வந்துடும்.

உபைதுல்லா: வாங்க, உள்ள உக்காந்து அழுவலாம். எல்லாரும் பாத்ததுதான். நாற்காலி எடுத்துப் போடறேன். சொல்லுங்க, உங்கள்ல துணைக்கு வந்தவரு யாரு?

ராஜவேல்: துணைக்கு யாரும் வரல பாய். ரெண்டு நாற்காலி போடுங்க.