பூவுக்கு அடியில் பரிசுச் சீட்டு

பரிசுச் சீட்டை வெறும் உறையில் போட்டு நீட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. மின்கட்டண ரசீதும் உறையில்தான் வருகிறது. வாங்குகிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா? இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

என் பெயர் எடெல்மிரா. வயது ஐம்பத்து நான்கு. செலாயா நகரச் சந்தைக்குப் பின்புறம் பதினெட்டு வருடமாகக் காகிதக் கடை நடத்துகிறேன். செருப்புக் கடை, துணிக்கடை, அழகு நிலையம் என்று இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும், காட்டினால் அந்தத் தொகைக்குக் கடையில் பொருள் வாங்கிக்கொள்கிற பரிசுச் சீட்டை அச்சடித்துக் கொடுப்பது நான்தான். அச்சடிப்பதை எவனும் செய்வான். அந்தத் துண்டுக் காகிதத்தைப் பரிசாக்குவதில்தான் வேலை இருக்கிறது. முட்டையின் முனையில் துளை போட்டு, உள்ளே இருப்பதைக் கொட்டி, ஓட்டைக் கழுவிக் காயவைத்து, வண்ணத் துணுக்குகளோடு சீட்டையும் சுருட்டி உள்ளே வைத்து மூடுவேன். விசேஷத்தில் தலையில் தட்டி உடைத்தால் சீட்டு மடியில் விழும். மணப்பெண்ணுக்கு என்றால் சோளத்தோகையில் சுற்றி, ஆவியில் வெந்த பன்னிரண்டு தமால் கொழுக்கட்டைகளோடு பதின்மூன்றாவதாகக் கூடையில் வைத்துவிடுவேன். ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே வருகிறவள் அதைப் பிரிக்கும்போது முகம் மாறும். அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

நெரெய்தா என் தம்பி ஃபிதென்சியோவின் மனைவி. கல்யாணமாகி ஆறு வருடம். பெண்களின் நகத்தில் சித்திரம் வரைவது அவள் தொழில். நாலு முடி உள்ள தூரிகையால் சுண்டுவிரல் நகத்தில் ஒரு தேன்சிட்டை வரைந்துவிடுவாள். நல்ல வேலைக்காரி, நான் மறுக்கவில்லை. அவள் கெட்டவள் என்றும் சொல்ல வரவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கோழி சூப் கொண்டுவந்து கொடுத்தாள். உப்பு கூடுதல், ஆனாலும் கொண்டுவந்தாள்.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளுக்கு ஒரு பரிசுச் சீட்டு கொடுத்திருக்கிறேன். முதல் வருடம் முட்டை. ஓட்டின் மேல் அவள் பிறந்த ஊர் தேவாலயத்தையே வரைந்திருந்தேன். அவள் அதை ஆம்லெட் போடுகிறவள் மாதிரி கழுவுதொட்டி விளிம்பில் தட்டிச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓட்டைக் குப்பையில் போட்டாள். அடுத்த வருடம் தமால். கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டினாள், சீட்டின் ஓரமும் சேர்ந்து போனது. போன வருடம் நாற்பத்தொரு காகித டாலியாப் பூக்கள், இதழ் இதழாகச் சாயம் ஏற்றி, பதினோரு நாள் வேலை. ஒரு பூவின் நடுவில் சீட்டு இருந்தது. அவள் பூங்கொத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள்.

"எவ்வளவுக்கு அண்ணி? செருப்புக் கடையா? ஐயோ, போன தடவையும் செருப்புதானே! எனக்கென்ன நாலு காலா இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபிதென்சியோவும் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு அவள் என் தட்டில் சோறு வைத்தபடியே சொன்னாள்.

"அண்ணி, சீட்ட அப்படியே கையில குடுத்தா என்ன? எதுக்கு இவ்வளவு பாடு? பாவம், தனியா இருக்கறவங்களுக்கும் பொழுது போகணும்ல."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நிஜமாகவே இரக்கப்பட்டுச் சொன்னாள், அதுதான் விஷயம். எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன், மறுநாள் கடையைத் திறந்தேன். மனதில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த பரிசை அவள் உதறித் தள்ள முடியாதபடி செய்ய வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். அதற்கு ஒரு வருடம் இருந்தது.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிறந்தநாள்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல் வாயைக் கேக்கிலிருந்து நேராகக் கடிக்க வேண்டும், குனிந்ததும் பின்னால் நிற்கிறவர் தலையைப் பிடித்து அமுக்க வேண்டும். முகமெல்லாம் கிரீம் ஆனால்தான் விசேஷம் நிறையும். இதனால்தான் பேக்கரிக்காரர்கள் எல்லோரும் ஆர்டர் எடுக்கும்போதே ஒரு கேள்வி கேட்பார்கள். எலியோதோரோவும் கேட்டார்.

"எடெல்மிராம்மா, கடி உண்டா இல்லையா? உண்டுன்னா அடுக்கு வேணாம், ஒரே தட்டையா போட்டுத் தரேன். அடுக்கைத் தாங்கற குச்சி ஒண்ணும் உள்ளே வைக்க மாட்டேன்."

"கடியெல்லாம் கிடையாதுங்க. அவளுக்கு முகத்துல பட்டா பிடிக்காது. கத்தி வச்சு வெட்டுவாங்க."

"அப்ப ரெண்டு அடுக்கா குடுக்கறேன். மேல அலங்காரம்?"

"அது என் வேலை. நீங்க தொடாதீங்க."

அவர் அட்டையில் 'கடி இல்லை' என்று எழுதிப் பெட்டியில் ஒட்டினார். அந்த அட்டையை நான் வரும் வழியில் கிழித்துப் போட்டேன். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் கேட்டார், நான் பொய் சொன்னேன், அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. முற்றத்தில் இருபது பேர் இருந்தார்கள். சோறும் மோலே குழம்பும் முடிந்ததும் கேக்கைக் கொண்டுவந்து வைத்தேன். மேலே நடுவில் ஒரே ஒரு சர்க்கரைப் பூ, வெள்ளை மக்னோலியா. அதன் இதழ்களை நான்கு நாள் செய்தேன். அந்தப் பூவுக்கு அடியில், மெல்லிய கண்ணாடிக் குழலில் சுருட்டிய பரிசுச் சீட்டு. இந்த முறை செருப்பு இல்லை, நகைக்கடை.

"சீட்டு பூவுக்கு அடியில இருக்கு. கை போடக் கூடாது. பல்லால எடுத்தாதான் உனக்கு," என்றேன்.

நெரெய்தா முதல் தடவையாக என் வேலையை உற்றுப் பார்த்தாள். விரலை இதழுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டாள்.

"அண்ணி, இது நிஜப் பூ மாதிரியே இருக்கு. எப்படிச் செஞ்சீங்க? இதைக் கடிக்கவே மனசு வரல."

நான் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் நானே சொல்கிறேன். நேரம் இருந்தது. பூ நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் வேலை முடிந்துவிட்டது, முடிந்த வேலையைக் கலைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

எல்லோரும் கைதட்டி "கடி! கடி!" என்று கத்த ஆரம்பித்தார்கள். பின்னால் நின்று அமுக்குவது கணவன் உரிமை. ஃபிதென்சியோ மாவு மில்லில் மூட்டை தூக்குகிறவன். அவன் கை எப்படி இறங்கும் என்று எனக்குத் தெரியும், சின்ன வயதில் அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். கேக்கில் குச்சி இருக்குமா என்று யாரும் பார்க்கவில்லை. கடி உள்ள வீட்டுக்குக் குச்சி வராது என்று ஊருக்கே நம்பிக்கை. ஒருவர்கூடக் கிரீமை விலக்கிப் பார்க்கவில்லை.

அவன் அமுக்கினான். அதன் பிறகு நடந்தது உங்கள் காகிதத்திலேயே இருக்கிறது. வலது கண் போய்விட்டது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாதாம். தூரிகை நுனி நகத்தில் எங்கே படுகிறது என்று தெரியாதாம். டாக்டர் சொன்னார்.

ஃபிதென்சியோ இருபத்திரண்டு நாளாகத் தன் வலது கையால் சாப்பிடுவதில்லை. தன் கைதான் செய்தது என்று நினைக்கிறான். போன வியாழக்கிழமை அந்தக் கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை அறைந்துகொண்டான். மூன்று விரல் உடைந்தது. நான் அவனுக்காகத்தான் இன்று ஸ்டேஷனுக்கு வந்தேன். அப்படித்தான் பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

நேற்று நெரெய்தாவைப் பார்க்கப் போனேன். என் கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீங்க அண்ணி. நீங்க வேணும்னா செஞ்சீங்க? ஆசையா செய்யப்போய், குச்சி எங்கேயோ தப்பா நின்னுடுச்சு. கை தவறாதவங்க யாரு இருக்கா? நான் யார்கிட்டயும் உங்களப் பத்தித் தப்பா சொல்லல."

நான் அழவில்லை. அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். இரவெல்லாம் 'கை தவறாதவங்க' என்ற அந்த வார்த்தை என்னைக் குடைந்தது. காலையில் பார்த்தால் நீங்களும் அதையே எழுதி, கையெழுத்துப் போடுங்கள், வழக்கு முடிந்துவிடும், விபத்து, வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் 'அலங்காரம் செய்தவரின் கவனக்குறைவால் குச்சி இடம் மாறி நின்றது' என்ற வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நீங்கள் ஒரு குச்சியைத்தான் கண்டெடுத்தீர்கள். நான் வைத்தது இரண்டு. இறைச்சி கோக்கிற குச்சி, நுனி மேலே பார்த்தபடி, கிரீமுக்கு ஒரு நகத்தளவு கீழே. அவள் கல்யாணப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே அளவெடுத்து, வாய் வர வேண்டிய இடத்தில் பூவை வைத்தேன். இரண்டும் நின்ற இடத்திலேயே நின்றன. குனியும்போது அவள் சிரித்துக்கொண்டே என் தம்பியிடம் ஏதோ சொல்லத் தலையைத் திருப்பினாள். அதில் ஒரு குச்சி கண்ணைத் தவறிப் போனது. அந்த வரியை அடித்துவிட்டு, தவறு அவள் திரும்பியதால் நடந்தது என்று எழுதுங்கள்.