ஓட்டைக் காடிகன்

— உதென்ன ஜொய்சி? காடிகன் பின்னச் சொன்னா மீன் வலை பின்னி வைச்சிருக்கிறாய்!

— வலைப் பின்னல் காடிகன்தான் தேவமலரக்கா. கலியாணப் பொம்பிளை கேட்டது அதுதான். நிஷானி, கையை இஞ்சாலை நீட்டு பிள்ளை, நீளம் சரியோ எண்டு பாப்பம்.

— பொம்பிளை கேக்கிறதெல்லாம் குடுப்பியோ? மாப்பிளையின்ரை தாய் நான் இருக்கிறன். றிசெப்சன் சாறிக்கு மேலை போட்டு இவளின்ரை கையை மூடத்தான் காடிகன் எண்டனான். இஞ்சை பார், ஓட்டைக்கு ஓட்டை அந்த வெள்ளை எட்டிப் பாக்குது.

— தோல் நிறம் மாறினது, அவ்வளவுதான் மாமி. ஒட்டாது, நோகாது. டொக்டரும் சொன்னவர்.

— டொக்டர் சொல்லுவார். கனடாவிலையிருந்து வாற சனம் டொக்டரைக் கேட்டே கதைக்கப் போகுது? 'தேவமலருக்கு உடுவில் முழுக்கத் தேடியும் வேறை பொம்பிளை கிடைக்கேல்லையோ' எண்டெல்லோ சிரிக்கப் போகுதுகள். ஜொய்சி, ஓட்டையளை அடைச்சுப் பின்னு.

— அடைச்சா அது காடிகன் இல்லை, கம்பளி. உந்த வெய்யிலுக்கை பிள்ளை அவிஞ்சு போகும். எனக்குப் பின்னல் படிப்பிக்க வேண்டாமக்கா. இழுத்து மூடத்தான் வேணுமெண்டா மருதனார்மடச் சந்தியிலை போய் ஒரு பெட்சீற் வாங்குங்கோ.

— வாயைப் பாரன்! உந்த வாயாலைதான் உனக்கு ஓடர் வாறேல்லை.

— வாறது போதும். முழங்கையை மடக்கு நிஷானி. இழுக்குதோ?

— இல்லை அன்ரி. நல்லா இருக்கு.

— நல்லா இருக்காம்! வெக்கமெண்டு ஒண்டு இருந்தாத்தானே. இஞ்சை பார் பிள்ளை, உன்னைத்தான் கட்டுவன் எண்டு என்ரை பிறேம் ஒற்றைக்காலிலை நிண்டவன். அதாலைதான் நான் ஓமெண்டனான். இல்லாட்டி உங்கடை வீட்டுக் கேற்றையே திறந்திருக்க மாட்டன். எங்கை போய் உன்னைப் பிடிச்சானோ! கேட்டாலும் சிரிக்கிறான்.

— அவர் சொல்ல மாட்டார் மாமி.

— சொல்ல என்ன கிடக்கு, வெக்கக்கேடு. அவன்ரை தோலைப் பாத்தனியோ? எங்கடை பரம்பரையிலை ஒருத்தற்றை மேலிலையும் ஒரு கறை கிடையாது.

— முகம் வடிவுதான் மாமி.

— ஒழுக்கமும் அப்பிடித்தான். உந்தக் காலத்துப் பெடியள் வெறும் மேலோடை றோட்டிலை திரியுதுகள். என்ரை பிள்ளை வீட்டுக்குள்ளையும் சேட்டுக் கழட்டான். ரெண்டு மூண்டு வருசமாக் கிணத்தடியிலையும் ரீசேட்டோடைதான் குளிப்பு.

— ரீசேட்டோடையோ? அதென்ன புதினம்?

— கூச்சம் ஜொய்சி, கூச்சம்! மானமுள்ள குடும்பத்துப் பிள்ளை. உனக்கு உதெல்லாம் எங்கை விளங்கப் போகுது. கடைசியாச் சொல்லுறன், ஓட்டையளை அடை. இல்லாட்டிக் கலியாணத்தை நிப்பாட்டுறன். பிறேம் அழுது குழறினாலும் நிப்பாட்டுவன்.

— ஐயோ அக்கா, ஒரு நூல் வேலைக்குப் போய்க் கலியாணத்தை...

— நீ பேசாதை. உடம்பிலை வெள்ளை விழுந்த ஒருத்தரும் அதைத் திறந்து காட்டிக்கொண்டு என்ரை வீட்டுப் படி ஏற ஏலாது. என்ன நிஷானி, அடைக்கிறதோ நிப்பாட்டுறதோ?

— ஒருத்தரும் ஏலாதோ மாமி?

— ஒருத்தரும் ஏலாது.

— அப்ப ஜொய்சி அன்ரி, எனக்கு உந்த ஓட்டை இப்பிடியே இருக்கட்டும். இன்னொரு காடிகன் பின்னுங்கோ. ஓட்டையே இல்லாமல், முதுகு முழுக்க மூடுற மாதிரி. பிறேமுக்கு.

— என்னடி அலட்டுறாய்? அவன்ரை முதுகுக்கு என்ன?

— என்ரை கையிலை கிடக்கிறதுதான் மாமி. இதைவிடப் பெரிசு. எங்கை பிடிச்சவர் எண்டு கேட்டனீங்களெல்லே? பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்கிலை. ஒரே வாங்கிலை பக்கத்திலை பக்கத்திலை இருந்தனாங்கள். நீங்கள் உப்பிடிக் கதைப்பியள் எண்ட பயத்திலைதான் அந்த மனுசன் ரீசேட்டோடை குளிக்குது.

— கர்த்தரே...

— அக்கா, அந்தக் கதிரையிலை இருங்கோ. நிஷானி, பிறேம் தம்பியை ஒருக்கா வரச் சொல்லு பிள்ளை. அளவெடுக்காமல் நான் ஆருக்கும் பின்னுறேல்லை.

— அவர் வரத் தேவையில்லை அன்ரி. எழுதுங்கோ. தோளிலையிருந்து இடுப்பு வரைக்கும் அவரின்ரை அளவு எனக்கு மனப்பாடம்.