எட்டு ஸ்க்ரூ

பெட்டின்னு மட்டும் சொல்லாதீங்க டீச்சரம்மா, மத்ததை எது வேணா சொல்லுங்க! ஆம்ப் சரியில்லன்னு சொல்லுங்க, தலையாட்டறேன். ஊஃபர், அதான் டம்முனு அடிக்கிற பெரிய ஸ்பீக்கர், அது மட்டம்னு சொல்லுங்க, ரெண்டு தடவை தலையாட்டறேன். ஒயரு, பேட்டரி, உங்க கார் டிக்கிக் கதவு, நம்பர் பிளேட்டு, எது மேல வேணா பழியைப் போடுங்க. என் பெட்டி மேல போடாதீங்க. பத்தொம்பது வருஷமா ஸ்பீக்கர் பெட்டி அடிக்கறேன். ஸ்பீக்கர்தான் பேசணும், பெட்டி பேசக்கூடாது. இதான் தொழிலு. நான் அடிச்ச பெட்டி இன்னிக்கு வரைக்கும் வாயத் திறந்ததில்ல.

அட, நின்னுக்கிட்டே இருக்கீங்களே. ஸ்டூலு இருக்கு, உக்காருங்க. இருங்க, மரத்தூளைத் தட்டிவிடறேன்... வேண்டாமா? சரி, டிக்கியிலயே சாஞ்சுக்கோங்க, உங்க கார்தானே. என் பேச்சுல கொஞ்சம் காத்து போகும், கண்டுக்காதீங்க. மேல் வரிசை பல்லு செட்டு காணாமப் போய் மூணு வாரம் ஆச்சு. மூணு வாரமா ரொட்டியை டீயில முக்கி முக்கித் தின்னுட்டு இருக்கேன். எங்க போச்சுன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். என் வீட்டுக்காரி பழைய பேப்பரோட சேர்த்துத் தூக்கிப் போட்டுட்டா. அவ இல்லங்கறா. அவ இல்லன்னா அவ தம்பி. விளையாட்டுக்கு ஒளிச்சு வெச்சிருப்பான். அவனும் இல்லங்கறான். அப்ப பல்லு என்ன, தானா இறங்கி நடந்து போச்சா?

அவ தம்பின்னா யாருன்னு நினைச்சீங்க? வெளிய வேன்ல சாமான் ஏத்திட்டு இருக்கான் பாருங்க, சட்டைப் பையில குட்டித் திருப்புளி சொருகிக்கிட்டு... அவன்தான். என் மச்சினன். உங்க ஆம்ப் மாட்டினவன். ஒன்பது வருஷமா இந்த ஷெட்டுல பெட்டி நானு, கரண்டு அவன். இன்னியோட போறான். ஆமாங்க, போறான்! ஊருக்கு அந்தப் பக்கம் தனியா ஒரு இடம் பார்த்துட்டானாம். போகட்டும். போனா எனக்கென்ன? நான் ஒண்ணும் அழல... மரத்தூள் கண்ணுல விழுந்துடுச்சு.

எல்லாம் எதனால? உங்க காரால! கோவிச்சுக்காதீங்க, உண்மையைச் சொல்றேன். நீங்க முதல் தடவை வந்தது ஞாபகம் இருக்கா? சின்னக் கிளாஸ் டீச்சர், சின்னக் கார், கையில ஒரு பெரிய ஆம்ப். தங்கக் கலர்ல 'ரெண்டாயிரம் வாட்ஸ்'னு எழுதியிருந்துச்சு. எனக்கே சிரிப்பு வந்துச்சு, இந்த அம்மாவுக்கு எதுக்கு இவ்வளவு இடின்னு. அப்புறம்தான் சொன்னீங்க, நாள் பூரா முப்பத்தெட்டு வாண்டுங்க கத்தறதைக் கேக்கறேன், வீட்டுக்குப் போற அரை மணி நேரம் வேற ஏதாவது கத்தணும்னு. நியாயம்தான்! முப்பத்தெட்டு பேரு! எனக்கு ஒரு மச்சினன், அதுக்கே தாங்கல.

அவன் உங்க ஆம்பைத் திருப்பி என்ன பார்த்தான் தெரியுமா? எழுதியிருக்கறதைப் பார்க்கல. பின்னாடி ஃபியூஸைப் பார்த்தான். 'டீச்சர், இந்த ஃபியூஸை வெச்சுக்கிட்டு இது இருநூறு வாட்ஸைத் தாண்டாது, மீதியெல்லாம் ஸ்டிக்கர்'னான். கெட்டிக்காரன்ங்க. அதுல குறை சொல்லமாட்டேன். உங்க ஊஃபருக்கு விடாம முன்னூறு வேணும். உள்ள ரெண்டு காயிலு, ஒவ்வொண்ணும் நாலு ஓம். ரெண்டையும் பக்கம் பக்கமா சேர்த்தா ரெண்டு ஓம் ஆகும், வரிசையா கோத்தா எட்டாயிடும். அவன் வேற ஆம்ப் பார்த்து எடுத்தான், ரெண்டு ஓம்ல கரெக்டா முன்னூறு தர்ற ஆளு. காயிலைச் சேர்த்தான். ஆம்புல கெயின்னு ஒரு குட்டித் திருகு இருக்கும், மீட்டரை வெச்சு அளந்து அளந்து அதைச் சரியான இடத்துல நிறுத்தினான். நிறைய பேரு கெயினை வால்யூம்னு நினைச்சு முழுசா திருப்பிடுவாங்க... ஊஃபர் வெந்துடும்!

பெட்டி என் பொறுப்பு. ஒரு கன அடி காத்து, சுத்தமா மூடின பெட்டி. கூடிப்போச்சுன்னா சத்தம் தொளதொளன்னு வரும், குறைஞ்சா மூச்சு முட்டும். அளந்து அறுத்து, உள்ள குறுக்குக் கட்டை குடுத்து, பஞ்சு திணிச்சு, ஊஃபரை வெச்சு, சுத்தி சிலிக்கான் பசை போட்டு எட்டு ஸ்க்ரூ! எறும்பு நுழைய முடியாது.

மாட்டினோம். பாட்டைப் போட்டோம். ஆஹா! டிக்கி மேல இருந்த டீ கிளாஸ் தானா நகருது! நீங்க கை தட்டினீங்க! நான் மச்சினனைக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். அப்பதான், பேஸு அந்த ஒரு இடத்துக்கு இறங்குச்சு பாருங்க...

கடகடகடகட!

உடனே அவன் என்ன சொன்னான்? 'மாமா, சத்தம் பெட்டிக்குள்ளருந்து வருது. திறந்து பார்த்துடுவோம்.' கேட்டீங்களா அநியாயத்தை! என் பெட்டியை! நம்பர் பிளேட்டு ஆடுதுடா, டைட் பண்ணுன்னேன். பண்ணினான். கடகட. ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாத்தையும் இறக்குன்னேன். இறக்கினான். கடகட. டிக்கியில நீங்க வெச்சிருந்த கட்டை பொம்மைங்க, பலப்பம், பிளாஸ்டிக் யானை, அதையெல்லாம் கூட இறக்கினோம். கடகட! ஒயரை மாத்தினான், ஆம்பை மாத்திப் பார்த்தான், கெயினைக் குறைச்சான். சத்தம் குறையும், கடகடவும் குறையும், ஆனா போகாது. ஒவ்வொரு தடவையும் அதே பாட்டு: 'மாமா, திறந்துடுவோம்.'

கடைசியில நான் ஒரு வார்த்தை விட்டுட்டேன். 'நீ ஒயரு முறுக்கறவன், மரத்தைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்'னுட்டேன். அவன், 'மாமா, லூசா இருக்கறது பெட்டி இல்ல, உங்க வாயி'ன்னான். பக்கத்து டயர்க் கடைக்காரர் கேட்டுட்டாரு. அவர் வேற சிரிச்சுட்டாரு. எனக்கு வந்துச்சே கோவம்! 'என் பெட்டிக்குள்ளதான் தப்புன்னா நடு ரோட்டுல நின்னு ஆடறேன்டா! டயர்க்காரரே, நீங்க சாட்சி!'ன்னு கத்திட்டேன். அன்னியிலிருந்து பேச்சு கிடையாது. ஷெட்டுல நடுவுல கோடு போட்டுட்டான். சுத்தியல் அந்தப் பக்கம் உருண்டு போனா நான் டயர்க்காரரை விட்டுக் கேக்க வேண்டியிருக்கு. வீட்டுக்காரி தட்டை நங்குன்னு வைக்கிறா. 'என் தம்பி போனான்னா நீங்களும் உங்க பெட்டிக்குள்ளயே குடியிருங்க'ங்கறா.

...டீச்சரம்மா, கையில என்ன அது? என் திருப்புளியா?

அதைக் கீழ வைங்க. விளையாட்டு சாமான் இல்ல அது. ஐயையோ, என்ன பண்றீங்க! பெட்டி உங்களுதுதான், நான் இல்லங்கல. ஆனா திறந்தா காத்து... முதல் ஸ்க்ரூ கழண்டுடுச்சா! கை பழக்கம் இருக்கே உங்களுக்கு. வாண்டுங்க நாற்காலியெல்லாம் நீங்களே ரிப்பேர் பண்ணுவீங்களோ? சரி, ஒண்ணைக் கழட்டினா பரவால்ல, ஏழு இருக்கு. ரெண்டா? பாருங்க, நான் நல்லதுக்குச் சொல்றேன், உள்ள ஒண்ணும் இருக்காது. சும்மா வெறும் பஞ்சு. நான் எவ்வளவு பார்த்து அடிச்சேன்னு உங்களுக்குத் தெரியாது. மத்தவங்க மாதிரி பெட்டியைத் தட்டிப் பார்த்துட்டு விடற ஆளு இல்ல நான். எனக்குன்னு ஒரு வழி இருக்கு. மூணாவது ஸ்க்ரூவை மெதுவா... தலை தேஞ்சுடும்!

என் வழி என்னன்னா, ஊஃபரை வெக்கறதுக்கு முன்னாடி அந்த வட்ட ஓட்டையில தலையை விட்டுடுவேன். கழுத்து வரைக்கும்! பார்க்கறவங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும். உள்ள தலையை வெச்சுக்கிட்டு 'ம்ம்ம்ம்'னு முனகுவேன். கீழருந்து மேல, மேலருந்து கீழ. எங்கயாவது பலகை லூசா இருந்தா அது கூடவே முனகும். காதுலயே புடிச்சுடலாம். எந்த மிஷினும் வேண்டாம். நாலாச்சா? அஞ்சா! உங்க பெட்டிக்கும் முனகினேன், அரை மணி நேரம். அப்பதான் வீட்டுக்காரி போன் பண்ணினா, சாப்பிட வரலையான்னு. முனகலைப் பாதியில விட்டுட்டு வெளிய வந்து பேசிட்டு, லேட்டாயிடுச்சேன்னு ஊஃபரைத் தூக்கி வெச்சு, பசையைப் போட்டு, ஸ்க்ரூவை முறுக்கிட்டு ஓடினேன். ஆனா முனகினது முனகினதுதான், ஒரு குறை இல்ல. பல்லு செட்டைப் போட்டுக்கிட்டு முனகினா அதுவே வாய்க்குள்ள ஆடி ஏமாத்திடும், அதனால எப்பவும் கழட்டி, உள்ளயே அந்தக் குறுக்குக் கட்டை மேல வெச்சுட்டுத்தான்...

வெச்சுட்டு...

போன் வந்துச்சு...

டீச்சரம்மா. நீங்க நல்லா இருப்பீங்க, அந்த எட்டாவது ஸ்க்ரூ வேண்டாம். உங்க கால்ல வேணா விழறேன். கார் நல்லாத்தானே ஓடுது? கடகடன்னா என்ன, அதுவும் ஒரு தாளம்தானே! பசையை வேற அறுக்கறீங்களா? என்ன கத்தி அது, பென்சில் சீவறதா? கூர்மையா வெச்சிருக்கீங்க... ஊஃபரைத் தூக்கியாச்சா. ஒயர் நீளமாத்தான் விட்டிருக்கோம், இழுக்காதீங்க. பஞ்சு வருதா? நிறைய வரும். நான்தான் சொன்னேனே, வெறும் பஞ்சு, பஞ்சு, இன்னும் கொஞ்சம் பஞ்சு...

ஐயோ.

என்னைப் பார்த்து இளிக்குது பாருங்க! மூணு வாரமா உள்ள உக்காந்துக்கிட்டு இளிச்சிருக்கு! முன்னூறு வாட்ஸ்ல! சிரிக்காதீங்க டீச்சரம்மா. சிரிக்காதீ... சரி, சிரிங்க. எனக்கே வருது. ஹே ஹே... ஐயோ, வயிறு வலிக்குது! நம்பர் பிளேட்டையெல்லாம் முறுக்கினோமே! யானையை இறக்கினோமே! பாவம் அந்தப் பய, முதல் நாளே சொன்னான். திறந்துடுவோம் மாமா, திறந்துடுவோம் மாமான்னு கெஞ்சினான். என் பல்லை நானே உள்ள வெச்சு ஸ்க்ரூ முறுக்கிட்டு, பொண்டாட்டி மேல பழி, மச்சினன் மேல பழி. என்னையெல்லாம் எதுல சேர்க்கறது?

குடுங்க. துடைச்சா குடுத்தீங்க? வாண்டுங்க மூக்கைத் துடைக்கிற ஈரத் துணியா? வாசனையா இருக்கு. இருங்க, திரும்பி நின்னுக்கறேன்... க்ளிக்! ச... ச... சப்-ஊஃபர்! காத்து போகல! ஆஹா, சப்-ஊஃபர், சிலிக்கான், ஸ்க்ரூ, ஸ்டெப்னி!

வேனை ஸ்டார்ட் பண்றானா அவன்?

ஐயையோ, கிளம்பறான்! டீச்சரம்மா, சீக்கிரம், ஊஃபரை உள்ள வெச்சு அழுத்துங்க, நாலு ஸ்க்ரூ போதும் இப்போதைக்கு! அவன் போனான்னா நான் செத்தேன். பெட்டி அடிக்க ஆயிரம் பேரு இருக்காங்க, ஃபியூஸைப் பார்த்து பொய்யைக் கண்டுபிடிக்க அவன் ஒருத்தன்தான். அவன் இல்லாம இந்த ஷெட்டுல எனக்கு என்ன இருக்கு? ஒன்பது வருஷமா மத்தியானச் சாப்பாடு ரெண்டு பேரும் ஒரே டப்பாவுல. எப்படி மன்னிப்பு கேக்கறது? எனக்கு அந்தப் பழக்கமே இல்லையே! என்ன? என்ன காட்டறீங்க? ரோட்டையா? ஆடறேன்னு சொன்னேனா? நானா சொன்னேன்? ...நான்தான் சொன்னேன். டயர்க்காரர் வேற வாசல்லயே உக்காந்திருக்காரு.

சரி! போடுங்க பாட்டை! அந்தக் கடகட வந்த பாட்டையே போடுங்க. முழுசா வைங்க!

மாப்ளே! டேய் மாப்ளே! இறங்காதே, அங்கயே இருந்து பாரு! பெட்டிதான்டா! நீ சொன்னதுதான் சரி, பெட்டிக்குள்ளதான் தப்பு! என் பல்லுடா! உள்ள வெச்சு நானே மூடிட்டேன்டா! டயர்க்காரரே, நல்லா பார்த்துக்கோங்க, ஆடறேன்! இதோ கையி, இதோ காலு! பஸ்ஸுல போறவங்களும் பார்த்துக்கோங்க! வருது பாரு மாப்ளே, அந்த இடம் வருது... கேட்டியா? கடகட இல்ல! டம்ம்ம்னு வருதுடா, டம்ம்ம்! உன் ஆம்பும் என் பெட்டியும்டா!

இடுப்பு புடிச்சுக்குச்சு... நிறுத்தமாட்டேன். டீச்சரம்மா, அவன் இறங்கறானா? நான் திரும்பிப் பார்க்கமாட்டேன், வெக்கமா இருக்கு. இறங்கிட்டானா? வேனை ஆஃப் பண்ணிட்டானா? என்னைத் தாண்டிப் போறான்... டிக்கிக்குப் போறான்... சட்டைப் பையிலருந்து குட்டித் திருப்புளியை எடுக்கறான்... கெயினைத் தொடறான்! பார்த்தீங்களா, ஒரு நூல் அளவு குறைக்கறான்! முழு வால்யூம்ல ஊஃபர் வெந்துடுமேன்னு அவனுக்குத் தாங்கல! இவன் எங்கயும் போகமாட்டான் டீச்சரம்மா, இவனால முடியாது!

மாப்ளே, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவோம். அக்கா கேட்டா பல்லு ரோட்டுல கிடைச்சதுன்னு சொல்லு. சொல்லமாட்டியா? சரி, உண்மையையே சொல்லு, போ. ஏன்டா சிரிக்கறே? என்னது? என் ஆட்டத்துல கால் தாளத்துக்கு ஒத்து வரலையா?

ஏய், காலுன்னு மட்டும் சொல்லாதே மாப்ளே, மத்ததை எது வேணா சொல்லு!