வலிக்கு ஞாயிறு விடுமுறை

என் கையால் ஊசி போட்டால் வலிக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். தோலை லேசாக இழுத்துப் பிடித்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே போட வேண்டும். பெரியக்கா சொல்லிக்கொடுத்தது. பெரியக்கா என்றால் எங்கள் தலைமை நர்ஸ், உங்களிடம் புகார் கொடுத்தவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை ஐயா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த இல்லத்தில் பன்னிரண்டு கட்டில்கள். இனி வைத்தியம் இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்பிய புற்றுநோய்க்காரர்கள் அங்கே வருவார்கள். குணப்படுத்துவது எங்கள் வேலை அல்ல. வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான். காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு வரை என் டூட்டி. பகலில் போடும் இரண்டு வலி ஊசிகளும் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

சேர்ந்த முதல் வருடம், வாயில் புற்று வந்த ஒரு அம்மாள் நான்கு நாளாகக் கத்திக்கொண்டிருந்தார். டாக்டர் அளவைக் கூட்டச் சொன்னார், போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தளர்ந்தது. என் கன்னத்தைத் தடவி, "உன் புள்ளகுட்டி நல்லா இருக்கணும்" என்றார். அன்று பதினொரு மணிக்கு என் மகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது. அவளுக்கு அப்போது ஏழு வயது. மாடிப்படியில் உருண்டு கை முறிந்திருந்தது.

அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு லாரி டிரைவர் வந்தார். அவருக்கும் அளவைக் கூட்டினோம், அவரும் நிம்மதியாகத் தூங்கினார். அன்று சாயங்காலம் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அது மூளைக்குப் போய், ஒன்பது நாள் அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் ஐந்தாம் நாள் சொன்னார், கோபமே இல்லாமல்: "அவங்கவங்க பட்டுத் தீர்க்க வேண்டியதை நீ ஊசி போட்டுத் தடுக்கற. அது அப்படியே மறைஞ்சா போயிடும்? தடுத்தவ வீட்டுக்குத்தான் வரும்."

மகள் பிழைத்தாள். ஆனால் அந்த வார்த்தை என் வயிற்றில் விழுந்த கல்லாக அப்படியே கிடந்தது. சிரிஞ்சைக் கையில் எடுத்தாலே அவள் எங்கே இருக்கிறாள், ரோட்டைத் தாண்டுகிறாளா, எதன்மேலாவது ஏறுகிறாளா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒருநாள் பெரியக்காவிடம், சும்மா கேட்பதுபோல, வலி என்பது அவரவர் வினைதானே அக்கா என்று கேட்டேன்.

"வினையாவே இருக்கட்டும்டி. அந்த நேரத்துல ஊசி நம்ம கையில இருக்கே, அது யாரு வினை? அதை விட்டுட்டுப் பேசறியே" என்றார்.

நல்ல பதில்தான். ஆனால் பெரியக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை.

முதலில் பாதி அளவு போட்டேன். கேட்பதற்கு ஆளில்லாத ஒரு கிழவி. அந்த மாதம் முழுக்க மகளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அடுத்தவருக்கு மருந்தைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு, வெறும் உப்புத் தண்ணீரை ஏற்றினேன். மகள் வகுப்பில் முதலாவதாக வந்தாள். எல்லோருக்கும் அப்படிச் செய்யவில்லை. ஒரு சமயத்தில் ஒருவருக்கு மட்டும், அதுவும் பகலில் மட்டும். மற்ற ஷிஃப்டில் அவர்களுக்கு மருந்து கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. பகலில் உடம்பு அசைவதால் வலி கூடுகிறது என்று டாக்டர் சொன்னார். நான் மறுக்கவில்லை.

அவர்களை நான் தனியாக விட்டதில்லை என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வேன். வியர்வையைத் துடைப்பேன். "கூடப் பொறந்தவகூட இப்படிப் பாத்திருக்க மாட்டா சிஸ்டர்" என்று வீட்டுக்காரர்கள் என்னைக் கும்பிட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வருடத்தில் பதினேழு பேர். மகளுக்குப் பத்தொன்பது வயது ஆயிற்று.

பதினெட்டாவதாக வந்தவர் டெய்லர். இடுப்பெலும்பில் புற்று. வாய் ஓயாத மனிதர். அவர் மனைவி கட்டில் ஓரத்தில் நின்று, "எத்தனை பேரோட துணியை நாள் கடத்தி அழ வச்சீங்களோ, அதான் இப்ப அனுபவிக்கிறீங்க" என்று மூக்கைச் சிந்துவாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டே சிரிப்பார்.

"துணியில ஒரு இடத்துல இழை விட்டுப்போகுது. அதுக்குத் துணி என்னடி பாவம் பண்ணுச்சு? விட்டுப்போச்சு, அவ்வளவுதான்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. காரணமே இல்லாமல் வலி வரும் என்றால் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். என் மகளுக்கும் வரலாம், நான் என்ன செய்தாலும். அதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் கேட்டதில்லை.

மூன்றாவது வாரம் அவர் சொன்னார்: "ஒரு வேடிக்கை பாத்தீங்களா சிஸ்டர்? ஞாயித்துக்கிழமை பகல்ல மட்டும் என் வலி லீவு எடுத்துக்குது."

நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவர் மனைவியிடம் டெய்லர் சாக்பீஸ் கேட்டுக்கொண்டிருந்தார், துணியில் கோடு போடுகிற அந்தச் சுண்ணக்கட்டியை. அன்றிலிருந்து கட்டிலருகே இருந்த மேசையில் வலித்த பகலுக்கு ஒரு கோடு, வலிக்காத பகலுக்கு ஒரு வட்டம். யாரையும் குற்றம் சொல்லவில்லை. அளந்துகொண்டிருந்தார். அவ்வளவுதான்.

ஒரு புதன்கிழமை, ஊசியோடு போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், நான் உங்களுக்கு ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா? தெரியாமப் பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க. இந்த ஊசிய மட்டும் சரியாப் போடுங்க" என்றார். சரியாகத்தான் போடுகிறேன் என்று சொல்லி, தண்ணீரைப் போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை பெரியக்கா பின்னால் வந்து என் கையைப் பிடித்தார். அதற்குள் நான் ஊசியைப் போட்டு முடித்திருந்தேன். குப்பியில் மருந்து அப்படியே இருந்தது. அது உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு டெய்லர் ஒன்பது நாள் பெரியக்கா கையால் மருந்து போட்டுக்கொண்டு, மனைவியிடம் வம்பளந்தபடி இருந்து, தூக்கத்தில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் புதனுக்கும் திங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை மகளுக்குச் சிறுநீரகக் கல் வலி. தானாக இறங்கிவிடும், தண்ணீர் நிறையக் குடி என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். நான் வேலைக்குப் போனேன். மதியம் போன் செய்தாள். பேச்சு வரவில்லை, முனகல் மட்டும் வந்தது. டெய்லரின் இரண்டு மணி மருந்தை அன்று நான் கொட்டவில்லை. கைப்பையில் வைத்து எடுத்து வந்தேன்.

அவள் சமையலறைத் தரையில் முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு புரண்டுகொண்டிருந்தாள். "அம்மா, ஏதாவது பண்ணும்மா" என்றாள். அவள் பட்டுத் தீர்க்கட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை ஐயா. ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. பாதி மருந்தைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் என் மடியிலேயே தூங்கிப்போனாள்.

அப்போதுதான் பயம் பிடித்தது. தடுத்துவிட்டேன், இனி அது வரும். வெள்ளியும் சனியும் லீவு போட்டேன். அவளைக் குளியலறைக் கதவைத் தாழ்போட விடவில்லை. அடுப்புப் பக்கம் விடவில்லை. அவள் மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமியாருக்குப் போன் செய்து நலமா என்று கேட்டேன், நலம். தெரு நாயைக்கூட ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. சனிக்கிழமை கல் இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் தோழிகளோடு சினிமாவுக்குப் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. யாருக்கும், ஒன்றும்.

அந்த மூன்று பகலும் டெய்லரின் மேசையில் மூன்று வட்டங்கள் விழுந்திருந்தன. அவர் மனைவி அவற்றைப் பெரியக்காவிடம் காட்டியிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் வேறு மாதிரி நடந்திருப்பேனா என்று சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை காலை தட்டில் இரண்டும் இருந்தன, மருந்தும் தண்ணீரும். அவர் துண்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி மகளைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். மருந்தைப் போட்டிருக்கலாம். போட்டால் அவர் தூங்குவார். அவர் தூங்கினால் அந்தப் பதினேழு பேரும் எதற்காகக் கத்தினார்கள் என்ற கேள்வி என்னிடம் வரும். வராண்டாவில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தபோதுகூட அப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை.

அதனால் தண்ணீரை எடுத்தேன்.