தண்ணீர் ஓட்டம்

அடைத்துக்கொண்ட ஸ்பிரேயர் நாசிலை வாயால் ஊதக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்வேன், ஐயா. ஒருவரும் கேட்பதில்லை. சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

ஓமந்தூர்ப் பக்கம் மல்லாட்டைக்கு, அதான் வேர்க்கடலைக்கு, பூச்சிமருந்தடிக்க என் டிராக்டரைத்தான் கூப்பிடுவார்கள். பின்னால் பூம் ஸ்பிரேயரை மாட்டி, இரண்டு பக்கமும் அதன் கைகளை விரித்து, உயரம் பார்த்து, முதலில் வெறும் தண்ணீரை ஓட்டுவேன். எல்லா நாசிலும் ஒரே சீராகப் பீய்ச்சினால்தான் மருந்து கலப்பேன். டேங்கை அலசாமல் ஒருநாளும் விட்டதில்லை. அதனால் களை எடுக்கிற பெண்கள் அந்தத் தண்ணீரில் முகம் கழுவுவார்கள், வாய்கூடக் கொப்பளிப்பார்கள். அந்த நம்பிக்கை நான் சம்பாதித்தது.

என்னோடு வேலை செய்த சவுரிராயன், என் தங்கை அமலாவின் புருஷன். குடித்துவிட்டு அவளை அடிப்பான். ஒருமுறை பல் போனது, ஒருமுறை கை முறிந்தது. திண்டிவனம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்கு அழைத்துவருவேன். கட்டுப் பிரிப்பதற்குள் அவனிடமே போய்விடுவாள்.

“என்ன உட்டா அவருக்கு யாருண்ணா இருக்காங்க” என்பாள்.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை, ஐயா. ஓய்ந்துபோனேன், அவ்வளவுதான்.

அன்று மருந்தை முதலிலேயே, அளவுக்குப் பல மடங்கு, டேங்கில் ஊற்றிவிட்டேன். வருஷக்கணக்காக அந்த வாடையிலேயே கிடந்த மூக்கு அவனுக்கு, வித்தியாசம் தெரியாது.

“தண்ணிதான் ஓடுது. ஓரத்து நாசிலு அடச்சிக்கினு இருக்கு, பாரு” என்றேன்.

“இதுக்குப் போயி ஏன் மச்சான் பேஜாரு” என்று சிரித்தபடி அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதினான். வழிந்ததைக் கையில் ஏந்தி முகம் கழுவப்போனான்.

அப்போது அமலா கேப்பைக் கூழோடு வந்தாள். நல்ல வெயில். தூக்கை வரப்பில் வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய்க் கையை நீட்டினாள்.

“தண்ணிதானண்ணா ஓடுது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

‘இல்லை’ என்று சொன்னால் அவனும் துப்பிவிடுவான், பிழைத்துக்கொள்வான். மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் என் வீடு, மறுபடியும் அவன் வீடு.

“ஆமாம்மா” என்றேன்.

இருவரும் வாய் கொப்பளித்தார்கள். அவன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்தான், அவள் மறுநாள். நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் கிடத்தியபோது அவள் முகத்தில் ஒரு அடிபட்ட தடம்கூட இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் அப்படிப் பார்த்தேன். மனசு ஆறிப்போனது. தங்கைக்காகத்தானே, ஐயா, இவ்வளவும் செய்தேன்.