நாலு நிமிட இடியப்பம்

வீட்டில் இடியப்ப உரல் இருந்தால் அதை முதலில் ஒரு மணித்தியாலம் பிரீசருக்குள் வைத்துவிடுங்கள், டொக்டர். பலர் பிழை விடுவது இந்த இடத்தில்தான். உரல் வெளிச் சூட்டில் இருந்தால் ஐஸ்கிரீம் துளைகளிலேயே இளகிப் பாலாக ஒழுகும். உரலும் உள்ளே போடும் கலவையும் ஒரே குளிரில் இருந்தால், பிழிந்தவுடன் நூல் நூலாக விழுந்து தட்டில் அப்படியே நிற்கும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அவித்து எடுத்த இடியப்பம்தான்.

கலவை பெரிய வித்தை இல்லை. தேங்காய்ப்பால், பசும்பால், சீனி. சிவப்பரிசி இடியப்பத்தின் நிறம் வேண்டுமென்றால் வறுத்த குரக்கன்மா ஒரு கரண்டி. சீனியை மட்டும் குறைக்கக்கூடாது. சீனி இனிப்புக்காக மட்டும் இல்லை. அது தண்ணீரை முழுவதும் உறையவிடாமல் பிடித்து வைத்திருக்கும். குறைத்தால் கலவை கல்லாகி உரலின் பிடி முறிந்துவிடும். சம்பலுக்கு, உறைந்த தேங்காய்ப்பால் கட்டியைத் துருவி பீற்றூட் சாற்றில் ஒருமுறை பிரட்டினால் போதும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். இதுதான் முதல்.

நான் பிரிட்ஜ் திருத்துகிறவன். பன்னிரண்டு வருடம் கட்டாரில் குளிர் அறைகளைப் பார்த்துவிட்டு உடுப்பிட்டிக்குத் திரும்பி, எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு கொட்டகை போட்டேன். அங்கே எப்போதும் ஏழெட்டுப் பிரிட்ஜ்கள் நிற்கும். சாப்பாடு போலத் தெரியும் ஐஸ்கிரீம் செய்யத் தொடங்கியது விளையாட்டாகத்தான். பக்கத்து வீட்டுச் செல்வநாயகி அக்காவின் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தபோது முதலில் புட்டு செய்தேன். பிறகு பொரித்த மீன். ஒரு உண்மையான அறக்குளாத் துண்டை வைத்துச் சீமெந்து போன்ற வெள்ளை மாவில் அச்சு எடுத்து, பனங்கட்டிப் பாகும் தேங்காய்ப்பாலும் ஊற்றி உறைய வைத்தேன். தோலின் வரிகூட வந்தது.

"தம்பி கனகரத்தினம், உன்ரை மீனுக்கு முள்ளு இல்லை. அது ஒண்டுதான் குறை" என்றார் செல்வநாயகி அக்கா. அடுத்த முறை தேங்காய்ச் சொட்டைச் சீவி நடுமுள்ளும் வைத்தேன்.

என் அக்கா ஞானாம்பிகையை உங்களுக்குத் தெரியும். வயது அறுபது, ஓய்வு பெற்ற கணித ஆசிரியை. காலையும் மாலையும் வீட்டில் ரியூசன் சொல்லிக் கொடுப்பார். சமையல் என் பொறுப்பு. இருவரும் கலியாணம் கட்டவில்லை. அக்கா கட்டும்வரை தம்பி கட்டுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அக்காவுக்கு ஒன்றும் பொருந்தி வரவில்லை, நானும் நின்றுவிட்டேன். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

போன சித்திரையில் ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னார்: "தம்பி, நான் ஒண்டு சொல்லப்போறன். நீ சிரிக்கக்கூடாது."

நான் சிரிக்கவில்லை. அளவெட்டியைச் சேர்ந்த தியாகராசா என்பவரைக் கலியாணம் கட்டப் போவதாகச் சொன்னார். அவர் ஓய்வு பெற்ற விவசாயப் போதனாசிரியர், மனைவியை இழந்தவர். ஆவணியில் எழுத்து, அதாவது பதிவு வைப்பதென்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். நீங்கள் கொழும்பில் வளர்ந்தவர் என்று நேர்ஸ் சொன்னார். நாங்கள் இருக்கும் வீடு அக்காவின் சீதனம். அக்காவுக்குப் பத்தொன்பது வயதிலேயே அப்பா அவர் பெயரில் எழுதிவிட்டார். எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் வருவார். அவர் வந்துவிட்டால் பெண்ணின் சகோதரன் அங்கே விருந்தாளி. யாரும் வெளியே போ என்று சொல்லமாட்டார்கள். அவனாக விளங்கிக்கொள்ள வேண்டும். எனக்குப் போக வேறு இடம் இல்லை.

"நீ எங்கை போறாய்? இஞ்சைதான் இருப்பாய்" என்றார் அக்கா. நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அப்படிச் சொல்ல வேண்டி வந்ததையும் நான் கவனித்தேன்.

தொடக்கம் தற்செயலானது. வைகாசியில் ஒருநாள் மதியம் அக்காவுக்கு ஐஸ்கிரீம் இடியப்பம் வைத்தேன். வேறு நோக்கம் இல்லை. அக்கா வாயில் வைத்ததும் சிரித்து, செல்வநாயகி அக்காவுக்குக் காட்டவேண்டுமென்று எழுந்து போனார். செல்வநாயகி அக்கா தன் அடுப்பைக் குறைத்து, செருப்பைத் தேடி, வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வர ஏழு நிமிடம் ஆயிற்று. மெல்லிய நூல் சீக்கிரம் இளகும். பாரத்தோடு பார்த்தால் மேற்பரப்பு அதிகம், எல்லாப் பக்கமும் காற்றுப் படும். என் குசினியில் மதியம் முப்பத்திரண்டு பாகை. நாலு நிமிடம்தான் அதன் ஆயுள். அவர்கள் வந்தபோது பீங்கானில் பால் மட்டும் கிடந்தது.

"ஞானம், பால் குடிக்கவோ என்னைக் கூப்பிட்டனீ?" என்றார் செல்வநாயகி அக்கா.

"இடியப்பம் வைச்சவன். ஐஸிலை. கேளுங்கோ அவனை."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசாமல் இருந்தேன். அன்றைக்கு நான் செய்தது அவ்வளவுதான். அந்த இரண்டு மூன்று விநாடியில் அக்காவின் முகத்தில் ஒன்று நடந்தது. தான் சொன்னதைத் தானே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஒரு பெரிய இயந்திரத்தின் சின்னத் திருகாணி எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொண்டது போல எனக்கு இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகச் செய்தேன். முதலில், ஐஸ்கிரீம் விளையாட்டை விட்டுவிட்டேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். வீட்டுக்குள் இருந்த பிரீசரின் கொம்பிரசர் எரிந்துவிட்டதென்று அதைத் தூக்கி விறாந்தையில் வைத்தேன். அச்சுகளைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தேன். புதிய அச்சுகள் கொட்டகையில் இருந்தன. பிரிட்ஜ் திருத்துகிறவனின் கொட்டகையில் ஒரு பிரிட்ஜ் வேலை செய்கிறதே என்று யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

இரண்டாவது, ஒழுங்கு இருக்கக்கூடாது. அக்கா கணிதம் படிப்பித்தவர். செவ்வாயும் வெள்ளியும் என்றோ மூன்று நாளுக்கு ஒருமுறை என்றோ வைத்தால் இரண்டு கிழமையில் பிடித்துவிடுவார். ஆகவே காலையில் தாயக்கட்டை உருட்டினேன். தாயம் விழுந்தால் மட்டும் செய்வது. சிலவேளை அடுத்தடுத்து இரண்டு நாள், சிலவேளை பதினொரு நாள் ஒன்றும் இல்லை. அக்கா ஒரு கொப்பியில் திகதிகளை எழுதி, கூட்டிக் கழித்து, தொடர் ஏதாவது வருகிறதா என்று பார்க்கத் தொடங்கினார். அந்தக் கொப்பி இப்போது உங்கள் கோவையில் இருக்கிறது. அதை ஒரு நோயின் அடையாளம் என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள். அது நல்ல கணிதம், டொக்டர். விடை இல்லாத கணக்கு, அவ்வளவுதான்.

ஒருநாள் நேராகவே கேட்டார்: "தம்பி, நீ செய்யிறியோ?"

"என்னத்தை அக்கா?" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை மீனைப் பற்றி அக்கா உங்களிடம் சொல்லியிருப்பார். வெள்ளியில் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. மீன் சமைக்கும் சட்டியைக்கூடத் தொடமாட்டோம். ஆடி மாதத்து வெள்ளி ஒன்றில் அக்காவின் பீங்கானில் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு பொரித்த அறக்குளாத் துண்டு இருந்தது. தோலும் நடுமுள்ளும் தெரிந்தன. அக்கா அதைத் தொடவில்லை. விரத நாளில் எப்படித் தொடுவார்? எழுந்து செல்வநாயகி அக்காவிடம் ஓடினார். ஏழு நிமிடம். மீன் துண்டு தடிப்பானது, பதினொரு நிமிடம் நிற்கும். அதனால் பீங்கானையே மாற்றினேன். ஒளிக்க இடம் தேடத் தேவையில்லை, குழாயைத் திறந்தால் போதும். உண்மை மீன் என்றால் மணம் நிற்கும். இது பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும். வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்குள் நான் மச்சம் கொண்டுவரமாட்டேன், அதை நீங்கள் நம்பவேண்டும்.

"ஞானம், இது வாழைக்காய்ப் பொரியல்" என்றார் செல்வநாயகி அக்கா, ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு.

"நான் பார்த்தனான். முள்ளு இருந்தது."

"சரி, சரி. வெள்ளிக்கிழமையிலை அந்தக் கதையை விடு. போய்க் கொஞ்சம் படு."

அன்று பின்னேரமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மீனைக் காண்கிற ஒரு பெண்ணிடம் பிள்ளையை ரியூசனுக்கு அனுப்ப ஆட்கள் யோசித்தார்கள்.

அக்கா தானே சமைக்கத் தொடங்கினார். அது எதிர்பார்த்ததுதான். ஒருநாள் தன் கையால் புட்டு அவித்துக் கொட்டி மூடிவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்து மூடியைத் திறந்து ஒரு பிடி எடுத்தபோது அது குளிர்ந்தது. அன்று யாரையும் கூப்பிடவில்லை. கதிரையில் இருந்து தன் இரண்டு கைகளையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வைத்ததைச் சந்தேகித்தால் என்னைச் சந்தேகிக்கலாம். தான் சமைத்ததே மாறினால் ஆள் தன்னைத்தான் சந்தேகிக்கும். இது யோசித்தால் எவருக்கும் விளங்கும்.

பிறகு எந்தச் சாப்பாட்டையும் விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தது. கோயில் அன்னதானத்தில், செத்த வீட்டில், எங்கேயும். அந்த நாட்களில் நான் பெரும்பாலும் ஒன்றும் செய்யவில்லை. தேவை இருக்கவில்லை.

ஆவணியில் தியாகராசாவும் அவருடைய தங்கை சுபாஜினியும் எழுத்துக்கு நாள் பார்க்க மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். நண்டுக் கறி, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை, சொதி. எல்லாம் உண்மை. அக்கா காலையிலிருந்து குசினியில் என் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் பார்த்தார். சேலை மாற்ற மட்டும் பத்து நிமிடம் உள்ளே போனார்.

வாழையிலையில் சோறு போட்டேன். ஆவி பறந்தது. தியாகராசா முதல் பிடியை எடுக்கும்போது அக்கா அவர் கையைப் பிடித்தார்.

"பொறுங்கோ. சாப்பிடாதையுங்கோ."

விரலின் பின்பக்கத்தால் அவருடைய சோற்றைத் தொட்டார். "மேலை சுடுது. கீழைதான் வைச்சிருக்கிறான்" என்றார். பிறகு அவருடைய இலையில் இருந்த சோற்றை இரண்டு கையாலும் கிளறி இலை தெரியும்வரை தேடினார். அங்கே இல்லையென்றதும் சுபாஜினியின் இலைக்குப் போனார்.

"ரீச்சர், இது சோறு. நல்ல சோறு. பாருங்கோ, நான் சாப்பிடுறன்" என்றார் தியாகராசா. அந்தக் கிளறிய சோற்றையே அள்ளிச் சாப்பிட்டார். அக்கா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், முகம் எப்போது மாறும் என்று. அது மாறவில்லை. அது அக்காவை இன்னும் பயப்படுத்தியது.

சுபாஜினி கையைக் கழுவாமலே எழுந்தார். "அண்ணை, எழும்புங்கோ" என்றார்.

அன்றைக்கு மேசையில் ஐஸ் ஒரு துளிகூட இல்லை. எல்லாம் உடைந்த நாளில் நான் சமைத்துப் பரிமாறியது மட்டும்தான்.

இப்போது அக்கா உங்கள் வார்ட்டில் தோல் உரிக்காத வாழைப்பழமும் வெட்டாத இளநீரும் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று சொல்கிறீர்கள். எலும்பு தெரிகிறது. நாளை பெரிய டொக்டர் வந்து இன்னும் பலமான மருந்து எழுதப் போகிறார் என்றும் சொன்னீர்கள். அதனால்தான் நானாக வந்தேன். அக்கா சொல்வது திகதி உட்பட முழுக்க உண்மை. அவருக்கு நோய் ஒன்றும் இல்லை. மருந்தை நிறுத்தி என்னோடு வீட்டுக்கு அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்வேன். என் மேல் என்ன குற்றம் எழுதுவார்கள் என்று தெரியவில்லை. நான் நஞ்சு வைக்கவில்லை. நல்ல பாலும் நல்ல பனங்கட்டியும்தான். போக இடம் இல்லாத ஒருவன் இருந்த இடத்தைக் காப்பாற்றிக்கொண்டான், அவ்வளவுதான்.

நீங்கள் இப்போது காட்டும் கடதாசியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஓம், நொத்தாரிசு எழுதிய உறுதிதான். நான் சாகும்வரை அந்த வீட்டில் இருக்கலாம், தன் கணவனோ வேறு எவருமோ என்னை எழுப்ப முடியாது என்று அக்கா எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார். தியாகராசாவும் சாட்சியாக ஒப்பமிட்டிருக்கிறார். ஆனி பதின்மூன்றாம் திகதி எழுதியது. பதினேழாம் திகதி அக்காவின் உடுப்புகளை அலுமாரியில் அடுக்கும்போது நான் வாசித்தேன்.

மீனும் புட்டும் விருந்தும் அதற்குப் பிறகுதான் என்பது உண்மை. அப்படியானால் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். நானும் அதை யோசித்துப் பார்த்தேன், டொக்டர். அந்தக் கிழமைதான் ஐஸ்கிரீமில் கணவாய்க் கறி சரிவரத் தொடங்கியிருந்தது.